ஜூலியின் ஐந்து நாள்: வீட்டில் வைத்து விடைகொடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூலி லாப்ரடார். பெண். வயது 13. திருச்சிப் புறநகரில், கொல்லையில் இரண்டு தென்னையும் ஒரு கிணறும் உள்ள தனி வீட்டில் வளர்ந்தவள். வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அவர் மனைவி, அவருடைய வயதான தாயார். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார், மகள் வெளிநாட்டில். குட்டியாக இருந்தபோது போட்ட முதல் தடுப்பூசியிலிருந்து ஜூலியை எனக்குத் தெரியும். நான் கால்நடை மருத்துவர். அவளைக் கருணைக் கொலை செய்த கடைசி ஊசியும் நான் போட்டதுதான். அந்தக் கடைசி நாளைவிட அதற்கு முந்தைய ஐந்து நாளைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. பிழை நடந்தது அந்த நாள்களில். அது என் பிழை.

குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மனிதர்கள் பெயர் வேண்டாம், ஆனால் நாயின் பெயரை மாற்றக்கூடாது என்று பாட்டி சொல்லிவிட்டார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் அம்மா (ஆசிரியரின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) ஜூலியை ஆட்டோவில் அழைத்து வந்தார். "தண்ணி தண்ணின்னு குடிக்கிறா டாக்டர். ராத்திரி மூணு தடவை வெளிய போகணும்னு எழுப்புறா. ஆனா தட்டுல பாதி மிச்சம் வைக்கிறா." லாப்ரடார் தட்டில் மிச்சம் வைக்கிறது என்றாலே வயிற்றைக் கலக்கும். எடை 26.4 கிலோ. முந்தைய ஆண்டுத் தடுப்பூசி அட்டையில் 31 என்று என் கையெழுத்திலேயே இருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் லேசாக அமோனியா வாடை.

ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, 3.9. சிறுநீரின் அடர்த்தி 1.010. அதாவது, தண்ணீரைச் சுண்ட வைக்கும் வேலையைச் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. அதனால்தான் அவ்வளவு தாகம், ராத்திரி அவ்வளவு நடை. பாஸ்பரஸ் 6.8, ரத்த அழுத்தம் 170, இரண்டும் அதிகம். ஹீமோகுளோபின் 9.6, குறைவு. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கி, ஓரம் மேடுபள்ளமாகத் தெரிந்தது. எலிக்காய்ச்சல் மாதிரி சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடினோம். கிடைக்கவில்லை. நாய்களின் நாள்பட்ட சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் ஐரிஸ் அட்டவணையில் கிரியாட்டினின் 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை. 5.0ஐத் தாண்டினால் நான்காவது, கடைசி நிலை.

"போன மாசமே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று அம்மா கேட்டார். நாள்பட்ட நோயில் கிரியாட்டினின் ஏறத் தொடங்குவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால்வாசி போயிருக்கும். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று சொன்னேன். சமாதானத்துக்காகச் சொன்னதில்லை, நிஜமே அதுதான்.

டயாலிசிஸ் பற்றி ஆசிரியர் கேட்டார். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கு அது உண்டு. திடீரென்று அடிபட்ட சிறுநீரகம், விஷம், எலிக்காய்ச்சல் என்றால் அது உயிரையே மீட்டுக் கொடுக்கும், ஏனென்றால் சிறுநீரகம் தேறி வரும்வரை அது தாங்கிப் பிடிக்கிறது. சுருங்கிப்போன சிறுநீரகம் தேறி வராது. 13 வயது நாயைச் சென்னைக்கும் திருச்சிக்குமாக 300 கிலோமீட்டருக்கு மேல் அலைக்கழித்து வாங்கக்கூடியது கொஞ்ச நாள்தான். வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். இன்று கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன்.

ஆக, வீட்டு வைத்தியம். பாஸ்பரஸ் குறைந்த உணவு, பாஸ்பரஸை உறிஞ்சும் மருந்து, ரத்த அழுத்த மாத்திரை, குமட்டலுக்கு மாத்திரை, தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் திரவம். அம்மாவுக்குத் திரவம் ஏற்றக் கற்றுக்கொடுத்தேன். பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி ஊசியைச் செருகி, பாட்டிலை உயரத்தில் மாட்டினால் தானாக இறங்கும். கூடத்தில் தினசரி காலண்டர் மாட்டியிருந்த ஆணிதான் சரியான உயரம். காலண்டர் பக்கத்துச் சுவருக்குப் போனது. காலை 5 மணிக்கு, பால் வருவதற்கு முன்னால், ஊஞ்சலுக்கு அடியில் ஜூலியைப் படுக்க வைத்து அம்மா திரவம் ஏற்றுவார். ஜூலி அசையாமல் படுத்திருப்பாள், ஏனென்றால் முடிந்ததும் பாட்டி ஒரு விள்ளல் இட்லி கொடுப்பார். இட்லியில் உப்பு இருக்கிறதே என்று நான் ஒருமுறை முனகினேன். பாட்டி என்னைப் பார்த்த பார்வையில் அதோடு விட்டுவிட்டேன்.

அன்றைக்கே ஒரு காரியமும் செய்தேன், அது சரியாகவே செய்தேன். ஜூலியை ஜூலியாக்குவது எது, மூன்று விஷயம் சொல்லுங்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வைக்கச் சொன்னேன். பால்காரர் வண்டிச் சத்தத்துக்குக் கேட் வரை ஓடுவது. காலை இட்லி விள்ளல். ஆசிரியர் ஊஞ்சலில் உட்கார்ந்தால் வந்து அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுப்பது. இந்த மூன்றில் இரண்டு நின்றுபோனால் எனக்குப் போன் செய்யுங்கள், அப்போது உட்கார்ந்து பேசுவோம் என்றேன். தினம் தினம் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு நாய் இளைப்பது தெரியாது. கேட் வரை ஓடவில்லை என்பது கட்டாயம் தெரியும்.

ஐந்து வாரம் நன்றாகவே போனது. அக்டோபர் 9ஆம் தேதி வாக்கில் கேட் ஓட்டம் நின்றது. சத்தம் கேட்டால் தலையை மட்டும் தூக்கினாள். 15ஆம் தேதி இட்லியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொன்னபடியே அம்மா போன் செய்தார். 17ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனேன்.

எடை 21.8. உடல்சூடு 98.4 டிகிரி, நாய்க்கு 101க்கு மேல் இருக்க வேண்டும். நாக்கின் ஓரத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் புண். வீட்டுக்குள் நுழையும்போதே அந்த அமோனியா வாடை அடித்தது. வீட்டிலேயே இருப்பவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. ரத்தம் எடுத்துச் சோதித்ததில் கிரியாட்டினின் 9.2, பாஸ்பரஸ் 13, ஹீமோகுளோபின் 6.1.

நாயின் வாழ்க்கைத் தரத்தை மதிப்பிட அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் வகுத்த ஒரு மதிப்பெண் முறை உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் தலா 10. மொத்தம் 70க்கு 35ஐத் தாண்டினால் கவனிப்போடு தொடரலாம் என்பது கணக்கு. செப்டம்பரில் ஜூலி வாங்கியது 51. வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே என் நோட்டில் போட்டேன்: 4, 0, 4, 3, 2, 2, 1. கூட்டினால் 16. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன். யாரிடமும் காட்டவில்லை.

அம்மா கேட்டார்: "தீபாவளிக்குப் பையன் குடும்பத்தோட வர்றான். அதுவரைக்கும் தாங்குமா டாக்டர்?"

நான் சொன்ன பதில்: "பார்க்கலாம்மா."

நம் ஊரில் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை விஷயத்திலிருந்து தப்பித்திருக்கிறோம்! பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்களே, அந்த வகை. மருத்துவர் 'பார்க்கலாம்' என்றால் அவர் மனதில் 'முடிந்துவிட்டது, சொல்ல வாய் வரவில்லை' என்று பொருள். கேட்பவர் காதில் அது 'இன்னும் கொஞ்சம் இருக்கிறது' என்று விழும். பிறகு, ஊசி போட்டு அனுப்புவது பற்றியும் யோசிக்கலாம் என்று அரைகுறையாகச் சொன்னேன். அதையும் லாம் போட்டுத்தான் சொன்னேன்.

நாள் பார்க்கத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக விளக்கேற்றிய வீட்டில் வேண்டாம் என்றார் பாட்டி. சரி. சனிக்கிழமை? சனிப் பிணம் தனிப் போகாது. சரி. ஞாயிறு? சனிக்கிழமை இரவுதான் மகன் வருகிறார். எட்டு வயதுப் பேத்தி வந்ததும் வராததுமாக அதைப் பார்க்க வேண்டுமா? சரி. திங்கள் தீபாவளி. செவ்வாய் அமாவாசை, கேதார கௌரி நோன்பு. புதன்கிழமை ராகு காலம் 12 முதல் ஒன்றரை, எமகண்டம் ஏழரை முதல் 9. ஒன்பதரைக்கு வாருங்கள் டாக்டரம்மா. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன்.

அவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அந்த வீட்டில் கல்மனம் படைத்தவர் ஒருவரும் கிடையாது. எதையும் தள்ளிப்போடத் தோன்றும்போது காலண்டர் கைகொடுக்கும், அவ்வளவுதான். 16 என்ற எண் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த ஐந்து நாளில் ஜூலி பட்டதைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். ரத்தத்தில் யூரியா ஏறிய நாய்க்கு வலியைவிடக் குமட்டல்தான் பெரிய கொடுமை. நிற்கவே நிற்காது. அது கத்தாது, எச்சிலை விழுங்கி விழுங்கிப் படுத்திருக்கும், பார்ப்பவர் 'அமைதியாத்தான் இருக்கு' என்று நினைத்துக்கொள்வார்கள். தினமும் போய்க் குமட்டலுக்கும் வலிக்கும் ஊசி போட்டேன். பாதி நேரம் கேட்டது. ஞாயிறு இரவு தெருவில் வெடி தொடங்கியது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு விதிக்கும் நேரம் எந்தத் தெருவுக்கும் தெரிவதில்லை. நல்ல உடம்போடு இருந்த காலத்தில் வெடிச் சத்தம் கேட்டால் ஜூலி அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். இந்த முறை எழ முடியவில்லை. கிடந்த இடத்திலேயே நடுங்கினாள், படுக்கையை நனைத்துக்கொண்டாள். திங்கள் விடியற்காலை 4 மணிக்கு முதல் சரவெடி. அதற்கப்புறம் ரத்த வாந்தி. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டிய நேரத்தில் அம்மா கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாராம்.

செவ்வாய் மாலை ஆசிரியர் போன் செய்தார். "கருணைக் கொலைன்னு சொல்றோம். அதுலயும் கொலைன்னுதானே இருக்கு? பாவம் சேராதா?" தமிழாசிரியரிடம் சொல்லாராய்ச்சியில் ஜெயிக்க முடியாது. வேறு ஒன்றைச் சொன்னேன். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி தேற வழியில்லாமல் துடித்துக்கொண்டு கிடந்தது. காந்தி மருத்துவரை வைத்து ஊசி போட்டு அதை முடிக்கச் செய்தார், தாமும் கூடவே நின்றார். அகிம்சை பேசியவர் கன்றைக் கொன்றுவிட்டார் என்று கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. துன்பம் தீர வேறு வழியே இல்லாதபோது இதுவும் அகிம்சைதான் என்று தம் பத்திரிகைகளில் எழுதினார். ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "காந்தியே திட்டு வாங்கியிருக்கார்னா நாம எம்மாத்திரம்" என்றார். அது சம்மதமா சலிப்பா என்று எனக்குப் புரியவில்லை.

கட்டணத்தை அன்றைக்கே போனில் அனுப்பிவிடச் சொன்னேன். உடலுக்குப் பக்கத்தில் நின்று நோட்டு எண்ணுவதையும் எண்ணச் சொல்வதையும் ஒருமுறை பார்த்துவிட்டேன், இனி வேண்டாம்.

புதன்கிழமை நல்ல மழை. ஒன்பதரைக்கு உதவியாளர் தம்பியோடு போனேன். ஊஞ்சலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பழைய பாய், அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் அம்மாவின் பருத்திப் புடவை. முதலில் காகிதம். நோயின் நிலை, என்ன செய்யப் போகிறோம், உடலை என்ன செய்வார்கள் என்று எழுதிய சம்மதப் படிவத்தில் ஆசிரியர் கையெழுத்திட்டார். கடந்த 10 நாளில் யாரையாவது கடித்ததா, பல் பட்டதா என்றும் கேட்டேன். அந்தக் கேள்வி அபத்தமாகத் தோன்றும். ஆனால் கடித்த நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும், வெறிநோய் இல்லையென்று அப்போதுதான் தெரியும். அதற்குள் நாயை அனுப்பிவிட்டால் கடிபட்டவருக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது.

பிறகு நடக்கப்போவதை வரிசையாகச் சொன்னேன். முதலில் தசையில் ஒரு மயக்க ஊசி. ஆழ்ந்து தூங்கியதும் காலில் நரம்பு பிடித்து இரண்டாவது மருந்து. அதுவும் மயக்க மருந்து வகைதான். பார்பிச்சுரேட் மிஞ்சிய அளவில் போகும்போது மூளை முதலில் உணர்விழக்கிறது, அப்புறம் மூச்சு, அப்புறம் இதயம். கண் மூடாது. சிறுநீர் போகலாம். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை நெஞ்சு ஏறி இறங்கலாம், தோல் துடிக்கலாம். அது உயிர் இல்லை, தசையின் கடைசி அசைவு. ஆசிரியரும் அம்மாவும் பாட்டியும் கேட்டுக்கொண்டார்கள். மகன் வாசலில் நின்று வெளிநாட்டிலிருக்கும் தங்கையோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அவரும் வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

பேத்தியிடம் ஜூலியைத் தூங்க வைக்கப் போகிறோம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். குழந்தைகளிடம் அந்த வார்த்தை வேண்டாம் என்று நான் எப்போதும் கேட்டுக்கொள்வேன், அன்று ராத்திரி அவர்களும் தூங்க வேண்டுமே. உட்கார்ந்து சொன்னேன்: ஜூலிக்கு உடம்பு சரியாகாது பாப்பா, ரொம்பக் கஷ்டப்படுறா, இந்த மருந்து கொடுத்தா வலியில்லாம செத்துப்போவா. குழந்தை கேட்டது ஒன்றே ஒன்று. "ஊசி வலிக்குமா?" முதல் ஊசி மட்டும் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்றேன். அவள் சமையலறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். இருக்கவோ போகவோ யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பாட்டி ஒரு கிண்ணத்தில் பாலோடு வந்தார். இழுத்துக்கொண்டு கிடப்பவர் வாயில் பால் ஊற்றுவது வழக்கம்தானே. மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு விழுங்கத் தெரியாது, பால் நுரையீரலுக்குள் போய் மூச்சடைத்துவிடும். அதனால் ஊசிக்கு முன்னால் செய்யச் சொன்னேன். விரலில் தொட்டு உதட்டின் உட்புறம் தடவினார். ஜூலி நக்கினாள். இட்லியை முகர்ந்துவிட்டுத் திரும்பியவள் அந்த விரலை இரண்டு முறை நக்கினாள். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். தவறு செய்கிறோமோ என்ற அந்தப் பார்வை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வரும். வாசலில் ஆளைப் பார்த்ததும் வால் ஆடும், பிஸ்கட்டைக் கடிக்கும். அன்புக்கு வால் ஆடுவதற்குச் சிறுநீரகம் வேண்டியதில்லை.

9.52க்கு முதல் ஊசி. நாய்களுக்கு வழக்கமாகப் போடும் சைலசின் வாந்தியைக் கிளப்பும், இவளுக்கு அதைப் போட மனமில்லை, வேறு கலவை. 10, 15 நிமிடத்தில் மயங்க வேண்டியவள் 25 நிமிடம் எடுத்துக்கொண்டாள். நீர் வற்றி, ரத்த ஓட்டம் குறைந்து, உடல் குளிர்ந்திருந்தால் தசையில் போட்ட மருந்து மெதுவாகத்தான் ஏறும். அந்த 25 நிமிடம் யாரும் பேசவில்லை. ஆசிரியர் தம் பாதத்தை நீட்டி அவள் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

முன்னங்காலில் கான்யுலா, அதாவது மருந்து செலுத்தும் மெல்லிய குழாய், ஏற்றினேன். நரம்பு உடைந்து வீங்கிவிட்டது. ஐந்து நாள் முன்னால் என்றால் அந்த நரம்பு கிடைத்திருக்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன். பின்னங்காலில் இரண்டாம் முறையில் கிடைத்தது. 10.26க்கு மருந்து. ஒரு நிமிடத்துக்குள் மூச்சு நின்றது. ஸ்டெதஸ்கோப்பில் இதயம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது.

அப்போது நெஞ்சு ஒருமுறை பெரிதாக ஏறி இறங்கியது. மகன் அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே வந்திருந்தார். "உயிர் இருக்கு டாக்டர்! மூச்சு விடுது!" என்று கத்தினார். வீடியோவில் தங்கை அலறுவது கேட்டது. சமையலறையிலிருந்து குழந்தை ஓடி வந்தது. நான் விளக்கத் தொடங்குவதற்குள் பாட்டி பேரனின் கையைப் பிடித்து, "அது அப்படித்தான்டா வரும், டாக்டரம்மா முன்னாடியே சொன்னாங்க, உக்காரு" என்றார். பாட்டி இல்லையென்றால் அந்த வீட்டின் கடைசி ஞாபகம் அந்தக் கத்தலாகவே நின்றிருக்கும். ஐந்து நிமிடம் இதயத்தைக் கேட்டு, விழியைத் தொட்டு இமை அசையவில்லை என்று பார்த்த பிறகே முடிந்தது என்று சொன்னேன். பாட்டி கண்ணை மூடிவிடப் பார்த்தார். நாய்க்கு அது நிற்காது. புடவைத் தலைப்பால் முகத்தை மூடினார்.

தெருவில் அந்த வீட்டுச் சோற்றுக்கே வரும் செவலை நாய் ஒன்று உண்டு. அதை உள்ளே விட்டார்கள். முகர்ந்து பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. தெருநாய்களுக்கான விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் ஒரு நாயின் முன்னிலையில் இன்னொன்றைக் கருணைக் கொலை செய்யக்கூடாது என்கின்றன. வீட்டு நாய்க்கு அந்த விதி பொருந்தாது என்றாலும் நான் அதையே பின்பற்றுகிறேன்: ஊசியின்போது வேண்டாம், முடிந்த பிறகு முகர்ந்து பார்க்கட்டும்.

குழி முந்தைய நாளே வெட்டியிருந்தார்கள், அதில் முழங்கால் அளவு தண்ணீர். வாளியால் இறைக்க வேண்டியிருந்தது. கிணற்றிலிருந்து தள்ளி, இரண்டாவது தென்னைக்கு அப்பால், நான்கடிக்குக் குறையாமல் என்று நான் சொல்லியிருந்தேன். ஆழம் முக்கியம். அந்த மருந்து உடலில் நெடுநாள் அப்படியே இருக்கும், தோண்டித் தின்னும் நாயோ நரியோ பருந்தோ அதனால் சாகும். பிளாஸ்டிக் பையில் கட்டக்கூடாது, மட்காது. பருத்திப் புடவையோடு இறக்கி, கல்லுப்பு போட்டு, மண் தள்ளி, மேலே துணி துவைக்கும் பழைய கல்லைப் போட்டார்கள். நகரத்தில் கொல்லை இல்லாதவர்கள் முன்கூட்டியே இடம் விசாரித்து வைக்க வேண்டும். முடிந்தபின் விசாரிப்பது பெரும்பாடு.

இனி ஆய்வு.

வீட்டில் செய்தது சரியா? ஜூலிக்குச் சரி. மருத்துவமனை மேசை என்றாலே நடுங்குபவள், அவளுக்குத் தன் கூடமும் ஆசிரியரின் பாதமும் கிடைத்தன. எல்லா நாய்க்கும் இது பொருந்தாது. வயிற்றுக்குள் ரத்தம் கசியும் நாய், மூச்சுக்குத் திணறும் நாய் என்றால் வீட்டுக்கு மருத்துவர் வரட்டும் என்று காத்திருப்பதே சித்திரவதை, உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டில் வெளிச்சம் போதாது, நரம்பு கிடைக்காவிட்டால் மாற்று ஏற்பாடு குறைவு, செலவும் கூடுதல். வீட்டுக்கு வரும் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று: முதலில் மயக்க ஊசி உண்டா? மயக்கம் கொடுக்காமல் நேரடியாக மெக்னீசியம் சல்பேட் மாதிரி உப்பை ஏற்றுவது நினைவோடு இருக்கும் உயிரை மூச்சடைத்துக் கொல்வது. 'அதெல்லாம் எதுக்கு, ஒரே ஊசிதான்' என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மயக்கம் தாமதமானது, நரம்பு உடைந்தது, இவை நோய் முற்றியதன் விளைவு. மகனைச் சேர்த்து உட்கார வைக்காதது என் கவனக்குறைவு. இப்போதெல்லாம் வீட்டிலிருக்கும் எல்லோரும், போனில் இருப்பவர் உட்பட, ஒரே நேரத்தில் கேட்ட பிறகுதான் பையைத் திறக்கிறேன்.

பெரிய பிழை வெள்ளிக்கிழமை நோட்டை மூடியது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: 'அம்மா, இவள் இனி தேற மாட்டாள். பார்க்க அமைதியாகத் தெரிகிறாள், ஆனால் ஒவ்வொரு நிமிடமும் குமட்டுகிறது. என் கணக்கில் 70க்கு 16. மகன் வரும்வரை என்றால் ஞாயிறு காலை, அதற்கு மேல் வேண்டாம்.' சொல்லியிருந்தால் நாள் கிழமை குறுக்கே நின்றிருக்குமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் பாட்டி உடைத்துவிட்டார். புதன்கிழமை, கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "இவ்வளவு கஷ்டப்படுதுன்னு வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கக் கூடாதா? சனிப் பிணத்துக்கு ஒரு தேங்காயைத் துணைக்கு வச்சு அனுப்புறதுதானே? நம்ம ஊர்ல எதுக்கு வழி இல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. சோப்பு நுரை போகும்வரை அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் கழித்து அம்மா கிளினிக்குக்கு வந்தார். ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம், ஆணியில் காலண்டரைத் திரும்ப மாட்டிவிட்டார்களாம். மிச்சமிருந்த ரிங்கர் லாக்டேட் ஆறு பாட்டில்களைக் கட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார், தேதி இன்னும் முடியவில்லை, யாருக்காவது ஆகட்டும் என்று. அன்று மாலையே ஆனது. பத்து வயது டாஷ்ஹண்ட், கிரியாட்டினின் 4.6. கூட்டி வந்தவர் ஆட்டோ ஓட்டுபவர், பாட்டில்களைப் பார்த்ததும் கண் கலங்கினார். பிடரித் தோலைத் தூக்கிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். போகும்போது கேட்டார், "பொங்கல் வரைக்கும் இருக்குமா மேடம்?"

"இருக்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் ரெண்டு நாள் சேர்ந்தாற்போல சாப்பிடாமல் இருந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள், நான் வந்து பார்த்து ஒரு தேதி சொல்வேன்" என்று சொல்லி, அதை அவர் சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன்.